கயிற்றைப் பிடிக்கிறவர் யார்?

செப்டம்பர் 14 மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா. அம்மாவின் ஊர். சென்னையிலிருந்து ஒவ்வொரு வருடமும் போக முடிவதில்லை. போகிற வருடம் கோவில் இருக்கிற மணல்மேட்டில், கடலைப் பார்த்த பக்கமாக, மாமாவோடு உட்கார்ந்து பேசுவது வழக்கம். மாமா அம்மாவுக்குச் சித்தப்பா மகன். எழுபதைத் தாண்டிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் கடலுக்குப் போனவர், இப்போது மகன் போகிறான். மாமாவின் அப்பா 1950-களின் கடைசியில் தூத்துக்குடி முத்துக்குளிப்புக்குக் கயிறு பிடிக்கப் போனவர்.

அந்த முறை பேச்சு என் வேலை பக்கம் திரும்பியது.

"ஒனக்கு மேல எத்தன பேரு இருக்காங்க மருமவனே?"

விரல் விட்டு எண்ணினேன். மேனேஜர், டைரக்டர், சீனியர் டைரக்டர், வைஸ் பிரசிடென்ட், சீனியர் வைஸ் பிரசிடென்ட், அப்புறம் சி.டி.ஓ., சி.இ.ஓ. மொத்தம் ஏழு.

"அதுல ஒன்ன மொகம் பாத்துத் தெரிஞ்சவங்க?"

"ரெண்டு பேரு மாமா."

"அப்போ மிச்சம் அஞ்சு பேரு எதுக்கு மேல இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "கயித்தப் புடிக்கவன் மொகம் தெரியாம எவனாவது கடல்ல எறங்குவானா?"

நானும் சிரித்தேன். ஆனால் சென்னை திரும்பியும் அந்தக் கேள்வி போகவில்லை. போகாததற்கு ஒரு தனிப்பட்ட காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், மேலே இருப்பவர்களைப் பற்றி நமக்கு ஏன் இத்தனை விதமான மனநிலை இருக்கிறது என்று கொஞ்சம் தேடிப் படித்ததை எழுதி வைக்கிறேன். ஒரு அதிகாரிக்காக ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வேலை பார்க்கிறோம். அதே பதவியில் இருக்கும் இன்னொருவரின் மெயிலைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ஏன்?

ரத்தத்திலேயே இருக்கிறதா?

இந்தியர்களுக்கு மேலதிகாரி என்றாலே ஒரு பணிவு, அது சாதியும் குடும்பமும் சேர்ந்து ஊட்டியது என்று ஒரு விளக்கம் உண்டு. வெளிநாட்டு டீமோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கு நடத்தும் பயிற்சியில் இதற்கென்றே ஒரு ஸ்லைடு இருக்கும். அந்த ஸ்லைடின் மூலம் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர். 1967-க்கும் 1973-க்கும் இடையில் பல நாடுகளில் ஐ.பி.எம். ஊழியர்கள் நிரப்பிக் கொடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை வைத்து, 'அதிகார இடைவெளி' என்று ஒரு அளவை உருவாக்கினார். அதிகாரம் சமமில்லாமல் இருப்பதை ஒரு சமூகம் எவ்வளவு தூரம் சகஜமாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கான மதிப்பெண். இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40, டென்மார்க்குக்கு 18.

எண்ணைக் கேட்டதும் 'ஆமா, நாம அப்படித்தான்' என்று தலையாட்டத் தோன்றும். ஆனால் அந்த மதிப்பெண்ணுக்கு அடிப்படையான கேள்விகளில் ஒன்று, மேலதிகாரியோடு கருத்து மாறுபட ஊழியர்கள் எவ்வளவு அடிக்கடி பயப்படுகிறார்கள் என்பது. பயந்து வாயை மூடுவதும், மதித்து ஏற்றுக்கொள்வதும் மீட்டிங் அறையில் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் கீழே டீக்கடைக்கு வர வேண்டும். அங்கே சிலருக்குப் பட்டப்பெயர் இருக்கும். சிலரை, அவர் இல்லாத இடத்திலும், 'சார்' என்றே சொல்வார்கள். ஒரே கம்பெனி, ஒரே பண்பாடு, ஒரே 77. ஆனாலும் இரண்டு விதமாகப் பேசுகிறோம். ஆகவே அந்த எண்ணால் மட்டும் இதை விளக்க முடியாது. மாமா கேட்ட கயிற்றுக் கேள்விதான் எனக்குச் சரியான நுனியாகப் பட்டது.

ஒரு தோணி, இருபத்து மூன்று பேர்

கன்னியாகுமரியிலிருந்து ராமேஸ்வரம் வரைக்குமான கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். இங்கே நடந்த வேலையைப் பற்றிய பழைய வெளிநாட்டுக் குறிப்பே அதிகாரத்தைப் பற்றியதுதான். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல் வழிக் குறிப்பேடு, கொற்கையில் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகச் சொல்கிறது. தொடக்கம் அப்படி. பிறகு இது பரதவர்களும் கீழக்கரை முதலான ஊர்களின் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழிலாக இருந்தது. தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது 1961-ல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கம் நடந்த குளிப்பை நேரில் பார்த்து எழுதியவர்கள் ஒரு தோணியின் ஆள் கணக்கைத் தந்திருக்கிறார்கள். அந்தக் குளிப்புக்கு நம் பக்கத்து ஆட்களும் போவார்கள். தோணிக்கு 23 பேர். அதில் 10 பேர் குளிப்பவர்கள், 10 பேர் கயிறு பிடிப்பவர்கள். மீதி மூன்று பேர்: தோணியை நடத்தும் தண்டல், தோணிக்காரர் சார்பில் ஒருவர், தண்ணீர் இறைக்க ஒருவர்.

சிப்பிகள் வாழும் கடலடித் தரைக்குப் 'பார்' என்று பெயர். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம், அதாவது முப்பதிலிருந்து அறுபது அடி. குளிப்பவர் கனமான ஒரு கல்லில் காலை வைத்துக்கொண்டு, அந்தக் கனத்தில் கீழே போவார். தரை தட்டியதும் கல்லை விட்டுவிடுவார். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கீழே இருப்பவர் கைக்குக் கிடைத்த சிப்பிகளை வலைப் பைக்குள் அள்ளுவார். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம், கொஞ்சம் முன்னே பின்னே. ஒரு கல்லுக்கு இரண்டு குளிப்பவர்கள், மாறி மாறி இறங்குவார்கள்.

ஒருவர் மேலே, இன்னொருவர் கீழே. மேலே இருப்பவர் கையில் கீழே இருப்பவரின் உயிர். இதைவிட அப்பட்டமான 'ஹையரார்க்கி' எங்கேயும் கிடையாது. ஆனால் இந்த அமைப்பில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, கயிறு பிடிப்பவரின் கூலி குளிப்பவர் கொண்டுவரும் சிப்பியிலிருந்துதான் பங்காக வரும். அதிலும் குளிப்பவருக்குத்தான் பெரிய பங்கு. மேலே இருப்பவருக்குக் குறைச்சல், கீழே போகிறவருக்குக் கூடுதல்.

இரண்டாவது, யார் கயிறு பிடிப்பது என்பது. எங்கள் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த பதில், மச்சான். மனைவியின் உடன்பிறந்தவன். ஏன் அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது? சொத்தில் பங்காளி, நீ மேலே வராவிட்டால் அவனுக்கு ஒரு பங்கு கூடும். மச்சான் கயிற்றை விட்டால் அவன் அக்காவோ தங்கச்சியோ தாலி அறுக்க வேண்டியிருக்கும். இது எல்லாத் தோணியிலும் எழுதி வைத்த விதியாக இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பேச்சில் ஒரு தெளிவான கொள்கை இருக்கிறது. மேலே நிறுத்த வேண்டிய ஆளை அவன் திறமையை வைத்தோ நல்ல மனதை வைத்தோ மட்டும் தேர்ந்தெடுக்காதே. நீ மூழ்கினால் அவனுக்கு என்ன நஷ்டம் என்று பார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் இவ்வளவுதான். மேலே இருப்பவர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்பது நமக்குப் பெரிய பிரச்சினை இல்லை. நம்முடைய நஷ்டத்தில் அவருக்குப் பங்கு உண்டா என்பதைத்தான் நாம் அளந்துகொண்டே இருக்கிறோம்.

மூன்று குவியல்

தோணிகள் கரைக்குத் திரும்பியதும் சிப்பிகளைக் 'கொட்டு' என்ற வேலி அடைப்புக்குள் கொண்டுபோவார்கள். ஆங்கில அரசு நடத்திய குளிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. பிரிக்கிற முறைதான் சுவாரசியம். குளித்தவர்களே தங்கள் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். அதில் எது அவர்களுக்கு என்று அதிகாரி காட்டுவார். எந்தக் குவியல் தனக்கு வரும் என்று பிரிக்கிறவருக்குத் தெரியாது. அதனால் மூன்றையும் சமமாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 'நான் வெட்டுறேன், நீ எடுத்துக்கோ' என்று குழந்தைகள் கேக் பிரிப்பதும் இதே அல்காரிதம்தான்.

இதை வைத்து அந்தக் காலம் பொற்காலம் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கை, தண்ணீரில் கால் நனைக்காத அரசு எடுத்துக்கொண்டது. குளித்தவர்கள் அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. கடலிலேயே சிப்பியைத் திறந்து முத்தை ஒளிப்பதும் விழுங்குவதும் எல்லாக் குளிப்பிலும் இருந்த தலைவலி. அதைத் தடுக்கத் தோணியில் காவலாளை ஏற்றிவிட்டார்கள். ஒரே தோணியில் கயிறு பிடிப்பவரிடம் உயிரைக் கொடுத்த மனிதர், காவலாள் கண்ணில் மண்ணைத் தூவ வழி தேடினார். 77 என்ற எண்ணால் இந்த இரண்டையும் சேர்த்து விளக்க முடியுமா?

இன்னொரு பதவியையும் சொல்ல வேண்டும். கடல்கட்டி. சுறாக்களை மந்திரத்தால் வாய் கட்டுபவர். அவர் இல்லாமல் குளிப்பவர்கள் இறங்க மாட்டார்கள். ஆங்கில அதிகாரிகளுக்கு இதில் துளி நம்பிக்கை இல்லை. ஆனாலும் வேலை நடக்க வேண்டுமே என்று பல காலம் அவருக்குக் கூலி கொடுத்து வைத்துக்கொண்டார்கள். இன்றைய அலுவலகத்தில் கடல்கட்டி யார் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

கரையில் ஒரு மேசை

இது கடலுக்குள் இருந்த ஏணி. கரையில் வேறொரு ஏணி இருந்தது.

ஊருக்கு ஊர் பட்டங்கட்டி, எல்லோருக்கும் மேலே சாதித் தலைவர். 1530-களில் பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அதையொட்டிச் சமூகமே கத்தோலிக்கத்துக்கு மாறியது. இன்றைய பாஷையில் சொன்னால் மேல்மட்டம் எடுத்த முடிவு. கீழே இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் பின்னால் போனார்கள். முத்துப் பார்களின் மேல் இருந்த உரிமைக்கு வந்த ஆபத்து, பட்டங்கட்டிக்கும் குளிப்பவனுக்கும் ஒரே ஆபத்தாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த ஏணிக்கு மேலே புதிதாகப் படிகள் முளைத்தன. போர்ச்சுகீசியக் கப்பித்தான், அவருக்கு மேலே கோவாவில் ஆளுநர், எல்லாவற்றுக்கும் மேலே லிஸ்பனில் ராஜா, ராணி. முத்துக்குளித்துறை கட்டிய பணத்தில் ஒரு பகுதி போர்ச்சுகல் ராணியின் சொந்தச் செலவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தக் கணக்குக்குப் பெயர் செருப்புக் காசு. ஆமாம், ராணியின் காலணிச் செலவு. அறுபது அடி ஆழத்தில் மூச்சைப் பிடித்தவனின் பணம் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் ராணிக்கு விண்ணப்பம் அனுப்பி, அந்தக் காசை ஊர்களில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார்களின் சம்பளத்துக்கு மாற்றி வாங்கினார்.

1544-ல் மணப்பாட்டிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் தன் உதவியாளர் மன்சிலாஸுக்கு அவர் எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றன. எனக்கு அவை ஒரு மிடில் மேனேஜரின் மெயில்கள் மாதிரிதான் படுகின்றன. பட்டங்கட்டிகளைப் பற்றிப் புலம்பல், மக்களிடம் பொறுமையாக இரு என்று அறிவுரை, கப்பித்தான் கோஸ்மி தெ பைவாவின் மேல் கடுமையான கோபம். அந்த வருடம் வடுகர் படை தாக்கியபோது குமரி முனைப் பக்கம் பாறைகளில் ஒதுங்கிக் கிடந்தவர்களுக்காக, மணப்பாட்டிலிருந்து இருபது தோணியில் உணவு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சில மாதம் கழித்து அதே கப்பித்தானின் கப்பலும் வீடும் எரிந்து அவர் தீவில் ஒதுங்கியபோது, தண்ணீர் ஏற்றிய தோணிகளோடு உதவிக்குப் போகச் சொல்லி மன்சிலாஸுக்கு எழுதினார். குகையில் அவர் பெயர் இத்தனை நூற்றாண்டு தங்கியிருப்பதற்குப் பக்தி மட்டும் காரணமாக இருக்க முடியாது. தோணியில் ஏறிய அதிகாரியை ஊர் மறப்பதில்லை.

ஏணியின் அடையாளம் மொழியிலும் இருக்கிறது. மேசை என்பது போர்ச்சுகீசியச் சொல். மேஸ்திரியும் அப்படியே. தூத்துக்குடியில் பரதவர்களுக்குள்ளேயே வசதியும் செல்வாக்கும் உள்ள மேல்தட்டுக்கு மேசைக்காரர் என்றும், கடல்தொழில் செய்தவர்களுக்குக் கம்மாரக்காரர் என்றும் பெயர் வந்ததை வரலாற்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மேசையில் உட்காருகிறவர், கடலில் இறங்குகிறவர். ஐ.டி. பார்க்கில் நாங்கள் வேறு பெயர்கள் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

லண்டன் கம்பெனி

கரைக்கும் வராத மேலிடம் ஒன்றும் இந்தக் கதையில் உண்டு. 1905-ல் இலங்கையின் மரிச்சுக்கட்டிக் குளிப்பு பிரமாதமான வருமானம் தந்தது. அதைப் பார்த்து, லண்டனில் பதிவான 'சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ்' 1906 முதல் இருபது வருடக் குத்தகை எடுத்தது. வருட வாடகை 3,10,000 ரூபாய். அறிவியல் முறையில் சிப்பி வளர்த்து லாபத்தைப் பெருக்குவது திட்டம். 1906-லும் 1907-லும் குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு பார்களில் சிப்பி இல்லை. இலங்கையில் அடுத்த குளிப்பு 1925-ல்தான். அதற்குள் கம்பெனி கதை முடிந்துவிட்டது.

சிப்பி மறைந்ததற்கு அந்த இயக்குநர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முத்துச் சிப்பி எப்போதுமே சில வருடம் கொட்டும், பல வருடம் காணாமல் போகும். ஆனால் அந்தக் கம்பெனியின் நஷ்டமும் குளிப்பவனின் நஷ்டமும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அவர்களுக்குப் பங்குப் பத்திரத்தின் விலை போனது, இவனுக்கு அந்த வருடத்து அரிசி போனது. அதுபோன்ற மேலிடத்தின் மேல் மரியாதையும் வராது, கோபமும் சரியாக வராது. என் மேலே இருக்கும் அந்த ஐந்து பேரைப் பற்றி எனக்கு இருப்பதும் இதுதான். ஒரு மரத்துப்போன தன்மை.

கயிறு ஒன்று, கணக்கு வேறு

நஷ்டத்தில் பங்கு என்பது ஒரே நாளில் தலைகீழாகவும் மாறும். பாரசீக வளைகுடாவிலும் இதே முறைதான். கீழே குளிப்பவர், மேலே கயிறு பிடிப்பவர், கூலிக்குப் பதில் பங்கு. ஆனால் அங்கே சீசனுக்கு முன்னால் நகுதா என்ற கப்பல் தலைவன் முன்பணம் கொடுப்பான். கணக்குப் புத்தகம் அவனிடம். குளிப்பவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடன் அடையாது, வேறு கப்பலுக்குப் போகவும் முடியாது. 1920-களில் பஹ்ரைனில் வந்த சீர்திருத்தத்தின் முக்கிய அம்சங்களில் ஒன்று, குளிப்பவன் கையில் அவனுடைய கணக்குப் புத்தகத்தைக் கொடுப்பது. அப்படியும் பிரச்சினை தீரவில்லை. முத்து விலை சரிந்து முன்பணம் குறைந்தபோது, 1932-ல் குளிப்பவர்கள் கலகம் செய்தார்கள்.

இந்த இடத்தில் மாமாவிடம் போனில் கேட்டேன், இப்போது நம் ஊரில் எப்படி என்று. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மீதியில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. கணக்கு ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். மீன் படாத அன்று யாருக்கும் ஒன்றுமில்லை, டீசல் காசு படகுக்காரர் தலையில். 'அதனாலதான் சம்மாட்டிய ஏசிக்கிட்டே அவரு படகுல போவான்' என்றார். முன்பணம்?

"அது இருக்கத்தான் செய்யும். அஞ்சு லெச்சம் வாங்கிட்டான்னா அவன் வாயத் தொறக்க மாட்டான். நீ மரியாதன்னு நெனப்ப. மரியாத இல்ல மருமவனே, பாக்கி."

ஹாஃப்ஸ்டெட்டின் வினாத்தாளில் இந்த 'பாக்கி' என்ற கட்டம் இல்லை. எங்களுக்கு அது ஹோம் லோன் என்ற பெயரில் வருகிறது.

என் கையில் இருக்கும் கயிறு

சரி, நம் அலுவலகம். மேலே இருப்பவர்களின் சம்பளத்தைப் பற்றி நாம் டீக்கடையில் பேசுவதெல்லாம் வதந்தி. ஆனால் உண்மையான எண்ணைப் பார்க்க ஒரு வழி உண்டு. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 197(12) பிரிவுப்படி, பங்குச் சந்தையில் பட்டியலான ஒவ்வொரு இந்திய நிறுவனமும், ஒவ்வொரு இயக்குநரின் சம்பளமும் ஊழியர்களின் நடுச் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று வெளியிட வேண்டும். நடுச் சம்பளம் என்பது எல்லா ஊழியர்களையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவரின் சம்பளம். ஆண்டறிக்கையில், இயக்குநர் அறிக்கையின் இணைப்பாக எங்கோ பின்பக்கத்தில் இருக்கும். உங்கள் கம்பெனியுடையதைத் தேடிப் பாருங்கள்.

ஆனால் மூன்று குவியலில் ஒரு குவியல் எவ்வளவு பெரியது என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும். கயிற்றைப் பற்றிச் சொல்லாது. மேலே இருப்பவர்களுக்குப் பங்குகள் கொடுக்கிறார்களே, அது நஷ்டத்திலும் கூட்டாளியாக்குவதற்குத்தானே என்று கேட்கலாம். கம்பெனியின் நஷ்டத்துக்குச் சரி. ஆள் குறைத்தால் பங்கு விலை ஏறும் நாட்களும் உண்டு. அப்போது அவர் மச்சான் இல்லை, பங்காளி. ஒருவன் மேலே வராவிட்டால் அவருக்கு ஒரு பங்கு கூடுகிறது. அவர் கெட்டவர் என்பதில்லை, கயிறு அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

இப்போது அந்தத் தனிப்பட்ட காரணம்.

நானும் மேனேஜர்தான். எனக்கு மேலே ஏழு பேர் என்று மாமாவிடம் சொன்னேன், எனக்குக் கீழே பதினொரு பேர் என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அந்தத் திருவிழாவுக்கு ஐந்து மாதம் முன்னால், அப்போது நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா மேனேஜர்களையும் கூப்பிட்டு ஆளுக்கு இரண்டு பெயர் கொடுக்கச் சொன்னார்கள். திங்கட்கிழமைக்குள். அப்போது என் டீமில் பதின்மூன்று பேர். 'இந்த டீமில் யாரையும் எடுக்க முடியாது' என்று ஒரு மெயில் டைப் செய்தேன். சனிக்கிழமை முழுக்க அது டிராஃப்டில் கிடந்தது. அனுப்பினால் மூன்றாவது பெயராக என் பெயர் வரலாம் என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை அழித்துவிட்டு இரண்டு பெயரைக் கொடுத்தேன்.

அதில் ஒருவருக்கு அந்த மாதம்தான் இரண்டாவது குழந்தை. அந்த அழைப்பில் அவர் கத்தவில்லை. "ஓகே சார், புரியுது சார்" என்றார். வெளியிலிருந்து பார்த்தால் அதிகார இடைவெளி 77. ஆனால் அவர் வாயை அடைத்தது மரியாதை இல்லை, ரிலீவிங் லெட்டர். பிறகு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

அந்த வருடம் எனக்கு வேரியபிள் பே முழுசாக வந்தது. நூற்றுக்கு நூறு. கயிற்றின் மறுமுனை அறுந்ததற்கு என் கையில் ஒரு கீறல்கூட இல்லை. மாமா கேட்ட கேள்வி என்னை விட்டுப் போகாததற்கு இதுதான் காரணம். அந்த ஐந்து பேரைப் பற்றி அவர் கேட்டபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த இரண்டு பேரின் கணக்கில் நானும் அந்த ஐந்து பேரில் ஒருவன்தான். முகம் தெரிந்திருந்தும்.

இந்தக் கதைக்கு நல்ல முடிவு எதுவும் இல்லை. இப்போது வேறு இடத்தில், பதினொரு பேரோடு இருக்கிறேன். டீமில் வேலை தவறினால் முதல் மெயிலில் என் பெயரைப் போட்டுக்கொள்கிறேன், என் வருட மதிப்பீட்டில் 'டீமில் யார் விலகினார்கள், ஏன்' என்ற கேள்வியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. சின்ன விஷயங்கள்தான். இன்னொரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் என்ன செய்வேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை.

மாமாவின் அப்பா ஒரு விஷயம் சொல்வாராம். கயிறு பிடிக்கிறவனும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே போனவன் கல்லை விட்ட நொடியிலிருந்து தானும் மூச்சை அடக்க வேண்டும். தனக்கு முட்ட ஆரம்பித்தால், கீழே இருப்பவன் சுண்டினாலும் சுண்டாவிட்டாலும் இழுத்துவிட வேண்டும். கடிகாரம் கிடையாது, அதுதான் கணக்கு.

உங்களுக்கு மேலே எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு உங்களைத் தெரியும் என்று இப்போது எண்ணியிருப்பீர்கள். கீழே இருப்பவர்களையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.